டெலிவரி ஹப்புக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று முடிவு செய்ய கம்ப்யூட்டர் சிமுலேஷன் தேவையா? எக்செல் கணக்கே போதாதா?

போதாது. ஆளைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்து அழுத்தம் வந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் வந்தது.

பல்லடம் பக்கம் ஒரு பார்சல் ஹப் என் பொறுப்பில் இருந்தது. தினம் சுமார் 480 பார்சல், ஒன்றுக்குச் சராசரி 6 நிமிடம், 6 மணி நேரத்தில் ஆளுக்கு 60 பார்சல், ஆக 8 பேர். இதுதான் மேலிடத்தில் போட்ட எக்செல் கணக்கு. கடைவீதியில் 2 நிமிடத்தில் ஒரு பார்சல் முடியும். ஊரைத் தாண்டினால் வீடுகள் தெருவில் இல்லை, காட்டுக்குள் தனித்தனிச் சாளைகள், அதாவது தோட்ட வீடுகள். முகவரியில் தோட்டத்தின் பேர் மட்டும் இருக்கும். ஃபோன் போட்டால், "பி.ஏ.பி. வாய்க்காலத் தாண்டி மேக்க வா கண்ணு, வேப்பமரம் தெரியும்" என்பார்கள் (பி.ஏ.பி. என்பது பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்). போய்வர 20 நிமிடம். எல்லாப் பார்சலின் நேரத்தையும் கூட்டி வகுத்தால் வருகிற 6 நிமிடம் இந்த இரண்டுக்குமே பொருந்தாது.

பனியன் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் வேறு மாதிரி. பகலில் பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை வாரச் சம்பளம் வந்த பிறகுதான் கேஷ் ஆன் டெலிவரிக்குப் பணம் இருக்கும். வியாழக்கிழமை திரும்பி வந்த பார்சல் வெள்ளிக்கிழமைச் சுமையில் ஏறும். சராசரிக் கணக்கில் இது தெரியவே தெரியாது.

அதனால் பையன்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் ஒவ்வொரு பார்சலுக்கும் ஆன நேரத்தை எழுதச் சொன்னேன். பைத்தான் என்ற புரோகிராம் மொழியில், நிஜத்தில் நடப்பதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கிற சிமுலேஷனுக்கு சிம்பை (SimPy) என்று ஓர் இலவச லைப்ரரி இருக்கிறது. அதில் லாரி வருவது, பிரிப்பது, வண்டி கிளம்புவது, வீடு பூட்டியிருப்பது எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு பார்சலின் நேரத்தையும் நோட்டில் இருந்த நேரங்களிலிருந்து குலுக்கி எடுத்து, ஒரே வாரத்தை 1,000 முறை ஓட்டினேன். 8 பேர் என்றால் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் பார்சல் மிச்சம். ஒன்பதாவது ஆளைச் சேர்த்தும் பெரிதாக மாறவில்லை. அந்த 8 பேரில் இருவரை மாலை 5 மணிக்கு மேல் லைன் வீடுகளுக்கு அனுப்பியதும்தான் மிச்சம் குறைந்தது.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (வேலையைத் திட்டமிடும் கணிதம்) படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் க்யூயிங் ஃபார்முலா எனக்கும் தெரியும். ஒரே கவுன்டர், வரவும் வேலை நேரமும் தாறுமாறு என்றால், 80 சதவீதம் பிஸியாக இருக்கையில் சராசரிக் காத்திருப்பு ஒரு வேலையை முடிக்க ஆகும் நேரத்தைப் போல 4 மடங்கு, 90-இல் 9 மடங்கு. ஆளை இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறவர்களிடம் முதலில் காட்ட வேண்டிய கணக்கு அது. ஆனால் திரும்பி வரும் பார்சலையும் சனிக்கிழமையையும் அந்த ஃபார்முலாவில் அடைக்க முடியாது.

   

சரி, நீங்கள் சிமுலேஷன் செய்வதாக இருந்தால் போன தீபாவளி மாதத்துப் பார்சல்களை முதலில் அதில் ஓட்டிப் பாருங்கள். அன்று தேங்கிய அளவு திரும்ப வராவிட்டால் நீங்கள் கொடுத்த நேரங்கள் தப்பு. எனக்கு முதல் முறை வரவில்லை. சனிக்கிழமையைத் தனியாகப் பிரித்த பிறகுதான் பொருந்தியது.