வீட்டுத் தோட்டக் குளத்தில் முதல் மழைக்குத் தவளைகள் வருமா? எப்போது, எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்டவர் புதிதாக ஒரு சிறு அல்லிக் குளம் கட்டியிருக்கிறார். மழை தொடங்கும்போது தவளைகள் தாமாக வருமா, அல்லது வேறு எங்கிருந்தாவது பிடித்து வந்து விட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

தாமாகவே வரும். முதல் நல்ல மழை பெய்த ராத்திரி, குளத்துப் பக்கம் எரியும் விளக்கை அணைத்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். மறுநாள் காலையில் குனிந்து தண்ணீரின் மேற்பரப்பைப் பாருங்கள். இந்த இரண்டையும் செய்தால் பாதிக்கு மேல் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு: அடுத்த பத்து நாளைக்குக் குளத்தைச் சுத்தம் செய்யாதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டுக்குத் தெற்கே, முன்பு ஏரிப் பாசன வயலாக இருந்து இப்போது மனைகளாகிவிட்ட ஓர் இடத்தில் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் குளம் வெட்டினோம். ஆழமான பக்கம் இரண்டடி, மறுபக்கம் சரிந்து நாலு விரல் ஆழத்தில் முடியும். அல்லி வைத்தோம், கரையில் வல்லாரை விட்டோம். முதல் வருடம் ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் இடி மின்னலோடு கொட்டித் தீர்த்தது. விடிந்து பார்த்தால் தண்ணீர் மேல் ஆங்காங்கே மெல்லிய ஆடை படர்ந்திருந்தது, அதில் எள்ளைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். கொசு முட்டை என்று நினைத்துவிட்டேன். குவளையால் ஒதுக்கி ஒதுக்கி எடுத்து, ஒரு வாளி முழுக்க, செம்பருத்தி வேரில் ஊற்றினேன்.

ஒரு வாரம் கழித்து அல்லி இலைக்கு அடியில், நான் குவளை விடாத மூலையில், கண்ணாடி போன்ற தலைப்பிரட்டைகள் பத்துப் பதினைந்து நடுத்தண்ணீரில் அசையாமல் நின்றன. உடம்புக்குள் இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, நான் கொட்டியது என்ன என்று. மைக்ரோஹைலா ஆர்னேட்டா என்ற சின்னஞ்சிறு தவளையின் முட்டைகள் அவை. வளர்ந்த தவளையே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஊரில் பார்ப்பவர்கள் தவளைக்குஞ்சு என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். அதன் முட்டைகள் ஒற்றை அடுக்காகத் தண்ணீர் மேல் மிதக்கும், ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அந்த ஒரு வாளியில் எத்தனை நூறு இருந்தனவோ, இன்றைக்கும் முதல் மழை பெய்தால் அந்த வாளிதான் என் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகவே குளம் கழுவுவது, சகதி வாருவது, அல்லியைப் பிரித்து நடுவது எல்லாவற்றையும் பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். வைகாசி பிறந்த பிறகு கை வைக்க வேண்டாம். புதுத் தண்ணீர் விடுவதானால் குழாய்த் தண்ணீரை நேராகத் திறந்துவிடாமல் ஓரிரு நாள் திறந்த தொட்டியில் வெயில் பட வைத்து ஊற்றுங்கள். குளோரின் தலைப்பிரட்டைக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இனி எப்போது, என்ன கேட்கும் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் தவளைக்கு வருடம் தொடங்குவது மழையோடுதான். ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்கே சொறித்தவளை வாயைத் திறந்துவிடும். மூச்சு விடாமல் நீளமாக 'கிர்ர்ர்ர்' என்று இழுக்கும். பூச்சிச் சத்தம் என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஆனி, ஆடியில் சாயங்கால இடிமழை வரும்போது மற்றவை சேர்ந்துகொள்ளும். சீப்பின் பல்லில் நகத்தை வைத்து இழுத்தாற்போல் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டால் அதுதான் மேலே சொன்ன குட்டித் தவளை. அவ்வளவு சிறிய உடம்பிலிருந்து அத்தனை சத்தம் வரும் என்று நம்பவே முடியாது. மரக்கட்டையை விரல் மடக்கித் தட்டுவதுபோல் 'டொக்... டொக் டொக்' என்று கேட்டால் மரத்தவளை. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, விரல் நுனியில் வட்டத் தட்டோடு, அதே ஆள்தான். எங்கள் ஊரில் அதைத் தேரை என்பார்கள். பாடப்புத்தகமோ சொறித்தவளையைத் தேரை என்று சொல்லும். இந்தக் குழப்பத்தால் இருவர் தவளை பற்றிப் பேசினால் முதலில் எதைச் சொல்கிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கத்துவது எல்லாமே ஆண்கள். தொண்டைக்குக் கீழே பை உப்பும். டார்ச் அடித்துத் தேடினால் உடனே நிறுத்திவிடும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, அசையாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். ஒன்று தொடங்கும், பிறகு எல்லாம் தொடங்கிவிடும். ஏழரையிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். கையில் போன் இருந்தால் ஒரு நிமிடம் ஒலியைப் பதிவு செய்யுங்கள். படத்தைவிட அதுதான் எது என்று அடையாளம் சொல்லும். கண்ணுக்கு முன்னால் காது பழக வேண்டும் என்பது என் அனுபவம்.

என் தங்கை மகள் ஆறு வயதில் ஒரு ராத்திரி என்னோடு உட்கார்ந்திருந்தாள். "மாமா, அம்மாத் தவளை பாப்பாவை உப்பு மூட்டை தூக்கிட்டுப் போவுது பாரு" என்றாள். பெரியவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மேலே இருப்பது ஆண், கீழே இருப்பது பெண். ஆண் உருவத்தில் சிறியது. பெண் முட்டையிடும் வரை விடாமல் பிடித்திருந்து, முட்டை வெளிவர வர அதன் மேல் விந்தை விடும். இணையைக் கண்டால் பிரித்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் முட்டை விழும் என்று அர்த்தம்.

முட்டையைப் பார்த்தே யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடலாம். சொறித்தவளையினுடையது கறுப்பு மணி கோத்த கண்ணாடி நூல் மாதிரி, முழக் கணக்கில், கோரைத் தண்டைச் சுற்றிக் கிடக்கும். எள் தூவிய ஆடை பற்றி மேலேயே சொன்னேன். எல்லாவற்றையும்விட அழகு மரத்தவளையின் நுரைக்கூடு. மூன்றாம் வருடம் ஆடியில் அது கட்டுவதை ஒன்றரை முழத் தூரத்திலிருந்து பார்த்தேன். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, குளத்துச் சுவரில், பெண் தலையைக் கீழே சாய்த்து ஒட்டிக்கொண்டிருந்தது. முதுகில் ஆண். பெண் தன் பின்னங்கால் இரண்டையும் உள்ளும் வெளியுமாக ஆட்டி ஆட்டி, தயிர் கடைவது போலவே கடைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை நுரை பொங்கி, முடிவில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஆனது. முட்டைகள் அதற்குள்ளே. மறுநாள் நுரையின் மேல்தோல் காய்ந்து பழுப்பேறியது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. நாலைந்து நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தன. இப்படி ஒரு நுரையைப் பார்த்தால் சோப்பு நுரை என்றோ பூச்சிக் கூடு என்றோ தென்னந்துடைப்பத்தால் தட்டிவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே சுவரோ கிளையோ நீட்டிக்கொண்டிருந்தால்தான் மரத்தவளை வரும் என்பதால், கரையில் ஒரு செடி சாய்ந்து நின்றால் வெட்ட வேண்டாம்.

மீன் விடலாமா என்று அடுத்த கேள்வி கட்டாயம் வரும். கொசுவுக்குப் பயந்து எல்லோரும் கப்பி, கம்பூசியா விடச் சொல்வார்கள். கம்பூசியா நம் நாட்டு மீனே இல்லை, கொசுவை ஒழிக்கவென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அது கொசுப்புழுவோடு தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்னும், வாலைக் கடித்தும் கொல்லும். ஜிலேபிக் கெண்டை இருந்தால் ஒரு முட்டையும் மிஞ்சாது. மீன் வேண்டுமா, தவளை வேண்டுமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். தலைப்பிரட்டை வந்தால் கொசு போய்விடும் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டேன், பெரும்பாலானவை பாசியைச் சுரண்டித் தின்பவைதான். குளத்தில் தும்பியின் இளம்பூச்சிகள் பெருகினால் கொசுப்புழு நன்றாகக் குறையும் (சில தலைப்பிரட்டையையும் அவை பிடிக்கும், அது நடக்கட்டும்). ரொம்பவும் தொல்லையானால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து கிடைக்கிறது. அது கொசுப்புழுவைக் குறிவைப்பது. டெங்கு கொசு விரும்புவது பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை. முதலில் அவற்றைக் கவிழ்த்து வையுங்கள்.

பாம்பு வருமா? வரலாம். எங்கள் குளத்துக்கு நீர்க்கோலி இரண்டு முறை வந்திருக்கிறது. விஷமில்லாதது, சீண்டினால் கடிக்கும். மழைக்காலத்தில் ராத்திரி குளத்தடிக்குப் போகும்போது செருப்புக் காலோடு, டார்ச்சோடு போங்கள். கரையில் செங்கல், ஓடு குவித்து வைக்காதீர்கள். உப்பைத் தூவி விரட்டச் சொல்வார்கள். பாம்பு அதற்குப் போகாது, தவளைதான் சாகும். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது, தோலாலேயே தண்ணீரும் குடிக்கிறது. உப்பு பட்டால் அதன் உடம்பிலுள்ள ஈரத்தை வெளியே இழுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதலில், "சார், உங்க வீட்டுத் தவளச் சத்தத்துல ராத்திரி கண்ணே மூட முடியலீங்க" என்று வந்து நின்றார். மறு மழைக்கு அவரை அழைத்து வந்து உட்கார வைத்தேன். மணி பதினொன்று ஆனது அவருக்கே தெரியவில்லை.

அவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. எங்கள் தெருக்கோடியில் காலி மனை ஒன்று, மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். அங்கே போய்ப் பார்த்தால், மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்தாற்போல் ஏழெட்டுப் பெருந்தவளைகள், தொண்டையின் இருபக்கமும் நீலப் பை உப்ப, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. வயல்களில் பார்த்திருப்பீர்களே, பச்சையும் பழுப்புமான அந்தப் பெரிய தவளையின் ஆண்கள்தான். முதல் பெருமழையை ஒட்டிச் சில நாட்கள் மட்டும் இந்த நிறம் இருக்கும், பிறகு மங்கிவிடும். பெரியவரின் இளம் வயதில் இதே இடத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் வந்து சாக்குச் சாக்காகப் பிடித்துப் போவார்களாம். தவளைக் கால் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியான காலம் அது. 1987-ல் இந்திய அரசு அதைத் தடை செய்தது. பெருந்தவளை சிறு குளத்தை விரும்பாது, ஆழமில்லாமல் பரந்து தேங்கும் புதுமழைத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பள்ளம் இருந்தால் உங்கள் குளத்தோடு சேர்த்து அதையும் கவனியுங்கள். எங்கள் காலி மனையில் போன வருடம் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். ஆடி மழையில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த தேதி, எவ்வளவு பெய்தது, முதல் சத்தம் எத்தனை மணிக்கு, எந்தச் சத்தம், முட்டை கண்டது எப்போது, கால் முளைத்தது எப்போது. மழையளவுக்குப் பக்கம் நேராக உள்ள கண்ணாடிப் பாத்திரமும் ஸ்கேலும் போதும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்று உயிரினப் பதிவுகளுக்கான இணையதளங்கள் உண்டு, இரண்டிலும் படமும் ஒலியும் ஏற்றலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள், உங்கள் பதிவும் அங்கே நிற்கும்.

சிமெண்ட் குளமாக இருந்தால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஓரத்தில் இரண்டு இடத்தில் கருங்கல்லோ தேங்காய் மட்டையோ போட்டுச் சரிவு அமைத்துவிடுங்கள். முட்டையிலிருந்து ஐந்தாறு வாரத்தில், ஒரு தூறல் சாயங்காலத்தில், புளியங்கொட்டையைவிடச் சிறிய சொறித்தவளைக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் கரையேறும். செங்குத்துச் சுவராக இருந்தால் ஏற முடியாமல் அங்கேயே மூழ்கும். அந்த நாலு நாள் புல் வெட்டாதீர்கள், வண்டியை உள்ளே எடுக்கும்போது தரையைப் பாருங்கள்.

பிடித்து வந்து விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஒரு குளத்து நோயை இன்னொரு குளத்துக்கு அது கொண்டுவரும், பிடிபட்டதும் பெரும்பாலும் தங்காது. உங்களுக்குத் தெரியாமலேயே அவை பக்கத்தில்தான் இருக்கின்றன. தென்னங்கன்று வைக்கக் குழி வெட்டியபோது முக்கால் அடி ஆழத்தில் உருண்டையாக ஒரு தவளை மண்வெட்டிக்கு மயிரிழையில் தப்பியது. நுணல் என்று பழமொழியில் வருமே, மண்ணுக்குள் வாழும் அந்த வகைதான். கீழே விட்டதும் பின்னங்காலால் மண்ணைத் தள்ளித் தள்ளி, உட்கார்ந்த வாக்கிலேயே பின்புறமாக இறங்கி, கண் இரண்டும் கடைசியில் மறைந்தது. மண்ணை மூடிவிட்டுக் கன்றை நாலடி தள்ளி நட்டேன். அந்த வருடம் ஐப்பசியில் குளத்துக்குப் பக்கத்திலிருந்து அதுவரை கேட்டிராத ஒரு கனத்த குரல் கேட்டது.