‘டாக்ஸி லேசாக மோதினால் தேவலை’

கேள்வி: டாக்டர், எனக்கு 24 வயது. சி.ஏ. முடித்துவிட்டு மும்பை பிகேசியில் ஒரு முதலீட்டு வங்கியில் 14 மாதமாக அனலிஸ்ட். கம்பெனிகளின் பங்கை முதல்முறையாகச் சந்தைக்குக் கொண்டுவரும் ஐபிஓ வேலை. வாரம் 90 மணி நேரத்துக்குக் குறைவதில்லை, தூக்கம் நாலு மணி நேரம். படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடிக்கிறது. மயக்கம் வந்ததில்லை, மாடி ஏறினால் ஒன்றும் செய்வதில்லை, வீட்டில் யாருக்கும் இதய நோய் இல்லை. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் நார்மல். இடது இமை துடிக்கிறது, முடி கொட்டுகிறது, நெஞ்செரிச்சலும் உண்டு. லண்டனில் இப்படி வேலை பார்த்த ஒரு பையன் இறந்துபோனதைப் படித்ததிலிருந்து தூக்கத்திலேயே போய்விடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தூக்கம் வராமலிருக்க, கூட வேலை செய்பவர் கொடுத்த மோடாஃபினில் சாயங்காலம் ஒன்று, மூன்று வாரமாகத் தினமும் தூங்க அல்பிரசோலம் 0.5, நெட்டில் பார்த்து மெக்னீசியம். ராத்திரி மூன்று மணிக்கு டாக்ஸியில் செம்பூர் திரும்பும்போது, வண்டி எதிலாவது லேசாக மோதினால் தேவலை, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கலாமே என்று தோன்றும். அது சும்மா. இதயத்துக்கு இன்னும் என்ன டெஸ்ட் எடுக்கலாம்? ஏப்ரல் போனஸ் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வீட்டுக்குத் தெரியக் கூடாது.

பதில்: தம்பி, அது சும்மா இல்லை. இதயத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டு அந்த டாக்ஸியை ஒரு வரியில் தள்ளிவிட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒரு வரிதான். ஆனால் இதயத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதியை நீங்கள் கவனமாகப் படிக்க மாட்டீர்கள், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

உங்கள் இதயம் எந்தத் துடிப்பையும் விடவில்லை. ஒரு துடிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வருகிறது, அதற்கு அடுத்தது வரச் சற்று நேரமாகிறது, வரும்போது பலமாக வருகிறது. அந்த இடைவெளியையும் அப்புறம் வரும் ‘டொக்’கையும்தான் உணர்கிறீர்கள். தூக்கம் கெட்டவர்களுக்கும் காபியிலேயே ஓடுகிறவர்களுக்கும் இது மிகச் சாதாரணம், இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மயக்கம், மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் என்று ஏதாவது இருந்தால் என் பேச்சே வேறாக இருந்திருக்கும். மூன்றும் இல்லை, எக்கோவும் சுத்தம். இன்னொரு டெஸ்ட் வேண்டாம்.

அந்த லண்டன் செய்தி. 2013 ஆகஸ்டில் இறந்த அந்த 21 வயதுப் பயிற்சி ஊழியருக்கு வலிப்பு நோய் இருந்தது. மரண விசாரணையில் சொல்லப்பட்ட காரணமும் வலிப்புதான், களைப்பு அதைத் தூண்டியிருக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்லவில்லை. ‘வேலை செய்தே செத்தான்’ என்ற தலைப்பு மட்டும் இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. நீண்ட வேலை நேரம் உடம்பைக் கெடுக்காது என்று நான் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று வந்தது. ஆனால் அந்த மரணங்களில் பெரும்பாலானவை அப்படி வருடக்கணக்கில் உழைத்து 60 வயதைத் தாண்டியவர்களுடையவை. 24 வயதில் இன்றைக்கு ராத்திரி தூக்கத்தில் போய்விடுவோமோ என்று பயப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

சரி, டாக்ஸிக்கு வருகிறேன்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம் எங்களோடு இருந்த ஒருவனுக்கு மஞ்சள் காமாலை வந்து அட்மிட் செய்தார்கள். 36 மணி நேர டியூட்டி முடித்துவிட்டு அவனைப் பார்க்க நாலு பேர் போனோம். கண் மஞ்சளாக, கையில் டிரிப்ஸ் ஊசியோடு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பகல் பதினொரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னல் பக்கம் ஃபேன் ஓடுகிறது, கட்டில் அருகே அவன் அம்மா இளநீர் வெட்டி வைத்திருக்கிறார். எங்களில் ஒருத்தன், ‘குடுத்து வச்சவன்டா’ என்றான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நாலு பேருக்கும் அதே நினைப்புதான். எனக்கு அந்த நினைப்பு ஹவுஸ் சர்ஜன் வருடம் முடிந்ததும் போய்விட்டது. அதைச் சொன்னவனுக்குப் போகவில்லை. காமாலை வந்தால் தேவலை என்றவன் சில மாதத்தில், எழுந்திருக்கவே வேண்டாம் என்று இருந்தால் தேவலை என்றான். நாங்கள் அதையும் அலுப்பில் சொல்கிறான் என்று விட்டுவிட்டோம். நானும்தான் கேட்கவில்லை. ஒருநாள் அவனை எங்கள் காஷுவாலிட்டிக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிழைத்துவிட்டான், சிகிச்சை எடுத்தான், இன்று நல்ல டாக்டராக இருக்கிறான். ஆனால் அந்த இளநீர்க் கட்டில் பக்கத்திலேயே யாராவது ஒருவர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். அடிபட்டால் ஓய்வு கிடைக்குமே என்பதோடு நினைப்பு நின்றுவிடுகிறதா, இல்லை, இல்லாமலே போய்விட்டால் தேவலை என்றும் சில நாள் வருகிறதா? டாக்ஸி தானாக மோத வேண்டும் என்பது, நாமே ஏதாவது செய்தால் என்ன என்று எப்போதாவது மாறியிருக்கிறதா? எப்படி, எங்கே என்று யோசித்திருக்கிறீர்களா? கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயந்து கேட்பதில்லை, அது தவறு, கேட்டால் சுமை இறங்கும். கடைசி இரண்டு கேள்விகளில் எதற்காவது ‘ஆமாம்’ என்றால் இதைப் படித்து முடிக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் யாரையாவது எழுப்புங்கள், அவரோடு இப்போதே பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். ‘இல்லை, ஓய்வு வேண்டும் என்ற ஏக்கம்தான்’ என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் வரை தள்ளக் கூடாது. ராத்திரி எந்நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம், மத்திய அரசின் இலவச சேவை, தமிழிலும் பேசலாம்.

ஆபீசுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம், மருத்துவர் அதை உங்கள் மேலதிகாரியிடம் சொல்ல முடியாது. வீட்டுக்குத் தெரியக் கூடாது என்கிறீர்கள். அப்பா அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம், ஆனால் அக்கா, அண்ணன், பழைய நண்பன் என்று யாராவது ஒருவருக்கு அந்த டாக்ஸி நினைப்பு, நீங்கள் எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் தெரிந்திருக்க வேண்டும். ‘ஸ்ட்ரெஸ்’ என்று பூசி மெழுகாதீர்கள், அந்த வார்த்தையைக் கேட்டால் யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

இப்போது மாத்திரைகள். இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. மோடாஃபினில் என்பது பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நார்கோலெப்சி என்ற நோய்க்கும், ஷிஃப்ட் வேலையால் தூக்கம் முறையே குலைந்தவர்களுக்கும் மருத்துவர் பார்த்துக் கொடுக்கும் மருந்து. பக்கத்து சீட்டுக்காரர் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுப்பது இல்லை. அது ரத்தத்தில் பாதியாகக் குறையவே 12 முதல் 15 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போட்டால் விடிகாலை ஐந்து மணிக்கும் பாதியாவது உள்ளே இருக்கிறது. படபடப்பு அதன் பக்கவிளைவு, பதற்றம் அதன் பக்கவிளைவு, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதன் எச்சரிக்கைக் குறிப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. நீங்கள் இதயத்தைச் சந்தேகப்பட்டீர்கள், டாக்ஸி நினைப்பைச் சும்மா என்றீர்கள், இரண்டையும் கிளறிவிடக்கூடிய மாத்திரையைத் தினமும் வாங்கி விழுங்குகிறீர்கள். இன்றோடு நிறுத்துங்கள்.

அல்பிரசோலத்தை மட்டும் சட்டென்று நிறுத்தாதீர்கள். மூன்று வாரம் தினமும் போட்டபின் திடீரென விட்டால் பதற்றம் பல மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரலாம். மனநல மருத்துவரிடம் ஸ்ட்ரிப்பைக் காட்டுங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். அதுவரை மதுவோடு சேர்க்கவே கூடாது. பகலில் விழிக்க ஒன்று, இரவில் விழ ஒன்று என்று இரண்டுக்கும் நடுவே கிடைப்பதைத் தூக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், அந்த நாலு மணி நேரமும் முழுத் தூக்கம் இல்லை.

தூக்கம் குறைந்தால் உங்களுக்கே அது தெரியாது என்பதுதான் இதில் மோசம். 2003-இல் வெளியான ஒரு அமெரிக்கப் பரிசோதனையில் இரண்டு வாரம் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், ஒரு இரவு முழுசாகத் தூங்காமல் இருந்தவர்கள் அளவுக்கு விழுந்துவிட்டது. அவர்களைக் கேட்டால் லேசாகத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் என்றார்கள். நீங்கள் நாலு மணி நேரம், 14 மாதம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் கை தடுமாறும் என்று ஆய்வுகள் சொல்கின்றன, நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 30 வரைதான். அந்த நிலையில் ‘ஏப்ரல் வரை தாக்குப்பிடிப்பேன்’ என்று நீங்கள் போடும் கணக்கை நான் நம்ப மாட்டேன். வேலையை விடுவதா, இருப்பதா என்ற முடிவையும் இப்போது எடுக்காதீர்கள், பத்து நாள் தூங்கிய பிறகு எடுங்கள்.

அந்தப் பத்து நாளுக்கு லீவு கேளுங்கள். மருத்துவச் சான்றில் நோயின் பெயரை விலாவாரியாக எழுத வேண்டியதில்லை, ஓய்வு தேவை என்று எழுதினால் போதும். ‘டீல் நடுவில் எப்படி’ என்பீர்கள். நீங்கள் ஆசைப்பட்டபடி டாக்ஸி மோதியிருந்தால் ஐபிஓவுக்காக நீங்கள் தயாரிக்கும் அந்த வரைவு ஆவணம், டிஆர்ஹெச்பி, உங்களை விட்டுவிட்டு ஃபைல் ஆகியிருக்கும், கால் உடையாமலே அந்த லீவை எடுக்கலாம் தம்பி. 2024-இல் ஜேபி மார்கனே ஜூனியர்களுக்குப் பெரும்பாலும் வாரம் 80 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. 80-ஏ அதிகம்தான், ஆனால் எல்லை வேண்டும் என்பதை உங்கள் தொழிலே ஒப்புக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போனபின் ஒன்று கவனியுங்கள். உங்கள் வேலையில் பகல் முழுக்க ஓட்டம் இல்லை, காத்திருப்பு நிறைய. ஸ்லைடுகள் அடங்கிய டெக்கை அனுப்பிவிட்டு மேலே இருப்பவர் திருத்தங்கள் குறித்த மார்க்-அப் அனுப்பும்வரை சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக உங்கள் வேலையில் இருக்கும் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அலாரம் வைத்து இருபது நிமிடம் தூங்குங்கள், காலியான மீட்டிங் ரூம் போதும். இரவில் மூன்றரையிலிருந்து எட்டுவரை என்று ஒரே நேரத்தைப் பிடித்துக்கொண்டு சனி ஞாயிறிலும் அதையும் சேர்த்தே நீட்டித் தூங்குங்கள், நேரம் தினமும் மாறுவதுதான் உடம்பை அதிகம் குழப்புகிறது. காபியின் பாதி போக ஐந்து மணி நேரம் ஆகும், படுப்பதற்கு எட்டு மணி நேரம் முன்னால் கடைசிக் காபி. எனர்ஜி டிரிங்க் ஒரு டின்னில் ஏறக்குறைய ஒரு கப் ஃபில்டர் காபி அளவு காஃபின் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். விடிகாலையில் நீங்களே பைக் ஓட்டிப் போகும் யோசனை வேண்டாம்.

மீதி. இமை துடிப்பது களைப்பு, தூங்கினால் நிற்கும். முடி, உடம்பு ஒரு பெரிய அடி வாங்கி இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும், மறுபடி வளரும், அதற்கு எண்ணெய் விளம்பரம் பார்க்க வேண்டாம். மெக்னீசியத்தைத் தூக்கிப் போடுங்கள். வைட்டமின் டி பார்க்காமலே 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்று மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களையும் தினம் பார்க்கிறேன், அதை ஆரம்பித்துவிடாதீர்கள், பி12, டி இரண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிரியாணியை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் படுத்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும், எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள், பின்னால் பசித்தால் வாழைப்பழம்.

மனநல மருத்துவரைப் பார்த்த அன்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். என்ன மருந்து, எத்தனை நாள் லீவு, யாரிடம் சொன்னீர்கள். படபடப்பு அதற்கப்புறமும் இருந்தால் இதயத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.