சுறாவுக்கு இலை இல்லை

கேள்வி: கிரீன்லாந்து சுறாவும் வட அமெரிக்காவின் 'ராம்ப்' காட்டுப்பூண்டும் ஒரே காரணத்தால் ஆபத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆழ்கடல் மீனுக்கும் காட்டுச் செடிக்கும் என்ன பொருத்தம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுமே பருவத்துக்கு வர நெடுங்காலம் எடுப்பவை. ராம்ப் விதை முளைக்கவே 6 முதல் 18 மாதம் பிடிக்கும். பூத்துக் காய்க்க 7 ஆண்டு வரை ஆகும். சுறாவோ ஆண்டுக்கு 1 சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. 2016-ல் கண்வில்லையைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது, 5.02 மீட்டர் நீளப் பெண் சுறா ஒன்றின் வயது குறைந்தது 272 என்றும், 392-ஐ ஒட்டி இருக்கலாம் என்றும் தெரிந்தது. அது குட்டி போடும் பருவத்தை எட்டவே சுமார் 150 ஆண்டு ஆகிறது.

ஆனால் பூண்டை அழிக்காமல் பறிக்க வழி உண்டு. செடிக்கு இரண்டு மூன்று இலைதான் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் மண்ணுக்கு மேலே கத்தரியால் நறுக்க வேண்டும், கிழங்கைத் தொடக்கூடாது. ஏப்ரலில் துளிர்க்கும் இலை, மேலே மரங்கள் தழைத்து நிழல் விழுந்ததும் பட்டுப்போகும். அந்தச் சில வாரங்களில் கிழங்கு சேர்ப்பதுதான் ஆண்டு முழுவதற்குமான உணவு. கிழங்கோடு பிடுங்கினால், 10 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு திட்டில் 10 சதவீதத்துக்கு மேல் தாங்காது என்று அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைக்காட்டு ஆய்வு சொல்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணம் 1995 முதல் விற்பனையையே தடுத்துவிட்டது. சொந்தத் தேவைக்கு ஆண்டுக்கு 50 கிழங்குதான்.

சுறாவிடம் ஓர் இலையை மட்டும் பறிக்க முடியாது. ஒன்று செத்தால் ஒன்றரை நூற்றாண்டு போனது போனதுதான். வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் சிக்கினால், மேல்தளத்துக்கு இழுக்காமல், தண்ணீரிலேயே முள்ளுக்கு நெருக்கமாகக் கயிற்றை அறுத்துவிட வேண்டும். நீளமாக அறுத்தால் மிச்சக் கயிறு உடலைச் சுற்றிக்கொள்ளும்.

கேள்வி: இரண்டையும் உண்ணலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சுறாவின் பச்சை இறைச்சியில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற வேதிப்பொருள் மிகுதி, தின்றால் குடித்தவர்போல் தள்ளாட வைக்கும். ஐஸ்லாந்தில் வாரக்கணக்கில் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்ட பிறகே உண்கிறார்கள். பூண்டை உண்ணலாம். ஆனால் இதய நஞ்சுள்ள லில்லி ஆஃப் த வேலியின் இலையும் அப்படியே இருக்கும். கசக்கி மோந்து பார்ப்பது முதல் இலைக்குத்தான் உதவும். பிறகு கையிலேயே பூண்டு வாடை ஏறிவிடுவதால் எல்லா இலையும் பூண்டாகவே மணக்கும். ஒவ்வொரு செடியிலும் அடியில் வெள்ளைக் கிழங்கு இருக்கிறதா என்று மண்ணை லேசாக விலக்கிப் பாருங்கள், பார்த்ததும் மூடிவிடுங்கள்.