கார்னெல் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற முன்னாள் மாணவர்கள், பேராசிரியர்கள், கொடையாளர்கள் யார்? அந்தப் பெயர்களை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கலாமா?

உங்கள் வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கும் கட்டத்தில் இருப்பதாக ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் அங்கே வேளாண் கல்லூரியில் முதுநிலை படித்தவன். ஆகவே பெருமை கலந்த பதில் என்று யாரேனும் குறை சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனாலும் இத்தகைய கேள்விகளுக்கு வழக்கமாக வரும் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை.

பெயர்களுக்குப் பஞ்சமில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், நாவலாசிரியர் டோனி மாரிசன், கட்டடக்கலை படித்த ரத்தன் டாடா ஆகியோர் முன்னாள் மாணவர்கள். வேலூரில் மருத்துவமனை தொடங்கிய ஐடா ஸ்கடர், நியூயார்க் நகரிலிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றவர் என்பதை நம்மவர்களில் பலர் அறிவதில்லை. ஆசிரியர்களில், விண்மீன்கள் எவ்வாறு ஆற்றல் பெறுகின்றன என்று விளக்கி 1967-ல் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் பெத்தே 1935-ல் அங்கே வந்து, போர்க்கால அணுகுண்டுப் பணிக்காகச் சென்ற சில ஆண்டுகள் நீங்கலாக, 2005-ல் இறக்கும்வரை பல்கலைக்கழகம் இருக்கும் இத்தாகா நகரையே இருப்பிடமாகக் கொண்டிருந்தார். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், வானியலாளர் கார்ல் சேகன், நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ் ஆகியோரும் அங்கே கற்பித்தவர்கள்.

இந்தப் பட்டியலில் மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக்கின் பெயரும் தவறாமல் இடம்பெறும். இளநிலை முதல் முனைவர் பட்டம்வரை மூன்றையும் கார்னெலில் முடித்து, மக்காச்சோளக் குரோமோசோம்களைப் பற்றிய அடிப்படை ஆய்வுகளையும் அங்கேயே செய்தவர் அவர். ஆயினும் அங்கே நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்காமல் 1936-ல் மிசௌரி பல்கலைக்கழகத்துக்குப் போனார். நோபல் பரிசு வந்தது 1983-ல். பரிசு வாங்கிய பிறகு உரிமை கொண்டாடுவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. ஆகவே முன்னாள் மாணவர் பட்டியலைப் பார்க்கும்போது, அவர்கள் அங்கே இருந்த காலத்தில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படிக்கப் போகும் பிள்ளைக்கு உண்மையில் பயன்படுவது மூன்றாவதான கொடையாளர் பட்டியல்தான் என்பது என் கருத்து. அதை நான் கற்றுக்கொண்டது வகுப்பறையில் அன்று. செலவுக்குப் பணம் போதாமல், முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்கும் பகுதிநேர வேலையில் சேர்ந்தேன். மாலையில் ஒரு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து, திரையில் வரும் பெயரைப் பார்த்து அழைக்க வேண்டும். முதலில் பெரிய தொகையைக் கேட்டு, மறுத்தால் பாதியாகக் குறைத்து, கடைசியில் எவ்வளவு சிறியதானாலும் சரி என்று இறங்கி வர வேண்டும். அந்தச் சிறிய தொகைக்கும் காரணம் உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்தும் யூ.எஸ். நியூஸ் தரவரிசை, முன்னாள் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் நன்கொடை தருகிறார்கள் என்பதை நெடுங்காலம் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2023-ல்தான் அதை நீக்கினார்கள். ஆகவே பத்து டாலர் கொடுத்தவரும் தரவரிசையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

"படிக்கப் போன இடத்தில் வசூலுக்குப் போகிறாயா?" என்று அம்மா வருந்தினார். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பாதிப் பேர் பேசத் தொடங்கும் முன்பே இணைப்பைத் துண்டித்தார்கள். ஒருவர் கட்டண உயர்வைப் பற்றி என்னிடம் நெடுநேரம் சண்டை போட்டார், நானும் அதே கட்டணத்தில் தவிப்பவன் என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆனால் பால் பண்ணை நடத்தி ஓய்வுபெற்ற ஒரு முதியவர், நான் மண்ணியல் படிக்கிறேன் என்று தெரிந்ததும், தொகையை விட்டுவிட்டு, தன் நிலத்தில் சுண்ணாம்பு இட்ட கதையைச் சொல்லத் தொடங்கினார். ஆண்டுதோறும் தருபவர், நூலகத்துக்கு மட்டுமே தருவேன், கட்டடத்துக்குத் தர மாட்டேன் என்பது அவருடைய நிபந்தனை. அவரைப் போன்றவர்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள்.

பெருங்கொடையாளர்களிலும் என்னை ஈர்த்தவர் பெயரை மறைத்தவர்தான். சக் ஃபீனி, படைவீரர் கல்வி உதவியில் வந்து, சக மாணவர்களுக்குச் சாண்ட்விச் விற்று, 1956-ல் ஓட்டல் மேலாண்மைப் பட்டம் பெற்றவர். தீர்வையில்லாக் கடைகளால் ஈட்டிய செல்வத்தில் கார்னெலுக்கு மட்டும் ஏறத்தாழ 100 கோடி டாலர் கொடுத்தார். நெடுங்காலம் தம் பெயர் வெளிவராமல் பார்த்துக்கொண்டார். 2011-ல் நியூயார்க் நகரத் தொழில்நுட்ப வளாகத்துக்கு 35 கோடி டாலர் தந்தபோதும் முதலில் பெயரில்லாத அறிவிப்புதான் வந்தது. வளாகத்திலுள்ள ஒரு சாலைக்கு அவர் பெயரை 2021-ல் வைத்தார்கள், 2023-ல் காலமானார்.

செல்வந்தர்களைத் துதிபாடுவதாகச் சிலர் எழுதக்கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தந்தித் தொழிலில் பணம் ஈட்டிய எஸ்ரா கார்னெலின் 5 லட்சம் டாலரும் பண்ணை நிலமும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு தூண் என்றால், கூட்டரசு வழங்கிய ஏறத்தாழ 9,90,000 ஏக்கர் நிலவுரிமை மற்றொரு தூண். அந்நிலங்கள் பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. கொடையாளர் பட்டியலில் அம்மக்களைக் காண முடியாது.

நம் ஊரில் நான் இளநிலை படித்த கல்லூரியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கட்டட நிதி என்று ரசீதில்லாமல் வாங்கினார்கள். மின்விசிறியில்கூட உபயதாரர் பெயர் எழுதியிருந்தது. ஆனால் படித்து வெளியேறியவர்களின் முகவரிப் பதிவேடு ஒன்றுகூட இல்லை. உதவ விரும்பி நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இது உங்கள் கேள்விக்குத் தொடர்பில்லாததாகத் தோன்றலாம். தொலைபேசியில் பத்து டாலருக்குப் பேசியவனுக்கு அப்படித் தோன்றாது.

உங்கள் பிள்ளை இளநிலைக்கு விண்ணப்பித்தால், 2008-ல் டாடா அறக்கட்டளை தந்த 5 கோடி டாலரில் பாதி, பணவசதி குறைந்த இந்திய இளநிலை மாணவர்களின் உதவித்தொகைக்கென ஒதுக்கப்பட்டதை அறிந்திருங்கள். அயல்நாட்டு மாணவர் உதவி கேட்டால், அது சேர்க்கை முடிவிலும் கணக்கில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். முதுநிலை என்றால் ஃபெயின்மனையும் சேகனையும் விட்டுவிட்டு, விரும்பும் துறையில் இப்போது மாணவர்களை எடுக்கும் பேராசிரியர்கள் யார், அவர்களிடம் ஆய்வுநிதி இருக்கிறதா என்று அவர்களுக்கே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.