எஞ்சின் மாற்றிய பிறகு பி0340 என்ற கோளாறுக் குறியீடு அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது. சென்சார் மாற்றியும் போகவில்லை. என்ன செய்வது?

இன்னொரு சென்சார் வாங்காதீர்கள். ஈசிஎம் (எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விட்டது என்று யாராவது விலை சொல்லியிருந்தால் அதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். நான் ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஆட்டோ எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். இதே குறியீட்டின் பின்னால் அலைந்து கைப்பணத்தைத் தொலைத்தவர்களை எங்கள் பகுதியில் நிறையப் பார்த்துவிட்டேன். கேள்வியைப் படித்த பிறகு சும்மா கடந்துபோக மனம் வரவில்லை.

நீங்கள் ஊரையும் வண்டியையும் குறிப்பிடவில்லை. டீசல் சரக்கு வண்டி, அதே மாடலின் பழைய எஞ்சினை வாங்கி ஏற்றியிருக்கிறீர்கள், காலையில் ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

பி0340 என்பது கேம் ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) எந்த நிலையில் சுற்றுகிறது என்று படிக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்லும் குறியீடு. அந்தச் சுற்றில் சென்சாரும் இருக்கிறது, பிளக்கும் இருக்கிறது, ஈசிஎம் வரை போகும் கம்பிகளும் இருக்கின்றன. எஞ்சினை மாற்றும்போது வயரிங் கட்டு பெரும்பாலும் பழையதுதான். பல வருடம் ஒரே வளைவில் கிடந்து விறைத்துப்போன கட்டை அவிழ்த்து, இழுத்து, ஓரமாகக் கயிற்றில் கட்டி வைக்கிறார்கள். எஞ்சின் உட்கார்ந்ததும் மறுபடி வளைத்துப் பொருத்துகிறார்கள். கோளாறு புது எஞ்சினோடு வந்ததாகத் தெரிவதால் எல்லோரும் எஞ்சினையே நோண்டுகிறார்கள். நான் முதலில் கை வைப்பது வயரில்.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் மீன் ஏற்றும் வண்டி வைத்திருக்கிறார். எஞ்சின் சூடேறி ஜாம் ஆகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வண்டிக்கு எப்படியும் ஓட்டம் இருக்காது என்று அந்த இடைவெளியில் மதுரையிலிருந்து பழைய எஞ்சின் கொண்டுவந்து மாற்றினார். டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறு விளக்கு எரிந்தது. மெக்கானிக் சென்சார் என்றார், மாற்றினார்கள். போலி சென்சார் என்றார், கம்பெனி சென்சார் வாங்கிப் போட்டார்கள். பிறகு ஈசிஎம் என்றார். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தயாராக நின்ற நேரத்தில்தான் என்னிடம் வந்தார். "அண்ணே, முதல் நடை தவறினால் வியாபாரி வேறு வண்டி பிடித்துவிடுவார்" என்றார்.

பிளக்கைக் கழற்றி, சாவியைப் போட்டு மீட்டரில் பார்த்தேன். 5 வோல்ட் சரியாகக் காட்டியது. கம்பி அறாமல் இருந்தால் ஒலிக்கும் பஸ்ஸரை வைத்துப் பார்த்தால் சென்சாரின் மூன்று கம்பிகளிலும் ஒலி வந்தது. முன்பு பார்த்தவரும் இதே சோதனையைச் செய்து, வயரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மீட்டர் மின்சாரத்தை ஏறத்தாழ இழுப்பதே இல்லை. கம்பிக்குள் செம்பு ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும், பஸ்ஸரும் ஒலிக்கும்.

அதனால் பல்பு போட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சார் பிளக், ஈசிஎம் பிளக் இரண்டையும் கட்டாயம் கழற்றுங்கள். ஈசிஎம் இணைப்பில் இருக்கும்போது இதைச் செய்தால் ஈசிஎம் உண்மையாகவே போய்விடும். பிறகு ஒவ்வொரு கம்பியாக, ஒரு முனைக்குத் தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து மின்சாரம் கொடுத்து, மறுமுனையில் டேஷ்போர்டு விளக்குக்குப் போடும் சிறிய பல்பை மாட்டி எரிய விடுங்கள். எரியும்போதே கட்டை இடத்துக்கு இடம் அசைத்துப் பாருங்கள்.

தம்பியின் வண்டியில் இரண்டு கம்பிகள் பளிச்சென்று எரிந்தன. எர்த் கம்பியில் பல்பின் இழை மட்டும் சிவந்தது. கேபின் சுவரை ஒட்டி கட்டு வளையும் இடத்தில் விரல் பட்டதும் அதுவும் அணைந்தது. டேப்பைப் பிரித்தேன். மேலுறையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. உறையைச் சீவியதும் உள்ளே செம்பு இல்லை, பச்சை மாவுதான் இருந்தது. ஊதியதும் உதிர்ந்தது. நல்ல செம்பு கிடைக்கும்வரை வெட்டிக்கொண்டே போனேன், கறுப்பு ஒரு முழத்துக்கு மேல் உள்ளே ஏறியிருந்தது. எஞ்சின் இறக்கும்போது வளைந்ததில் உறை வெடித்திருக்கிறது, மிச்சத்தை உப்பு முடித்துவிட்டது. எங்கள் ஊரில் காற்றில் உப்பு, மீன் பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீரில் உப்பு, வண்டி கழுவும் ஆழ்குழாய்த் தண்ணீரும் பல இடங்களில் உவர்.

அந்தக் கம்பியை முழு நீளத்துக்கும் புதிதாக இழுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைப் போட்டு மூடினேன். ஈயப் பற்று அதிர்வில் முறியும் என்று இங்கே யாராவது எழுதக்கூடும். இணைப்பு ஆடாதபடி இருபுறமும் கட்டினால் முறிவதில்லை. அந்த வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டி இன்றும் மீன் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, விளக்கு எரியவில்லை.

எல்லா வண்டியிலும் வயர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பி0016 அல்லது பி0341 வந்தால் கதை வேறு. டைமிங் தவறியிருக்கலாம், அல்லது வேறு வருடத்து எஞ்சினில் சென்சார் படிக்கும் சக்கரத்தின் பல் அமைப்பே வேறாக இருக்கலாம். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ வண்டியின் சேஸிஸோடு இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருந்தால் சம்பந்தமே இல்லாத குறியீடுகள் கூட்டமாக வரும். டீசல் இன்ஜெக்டர்களின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் பல வண்டிகளில் ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் புகையும் நடுக்கமும் இருக்கும். எஞ்சின் எண் மாறியதை ஆர்.சி.யில் பதியவும் மறந்துவிடாதீர்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்சாருக்குக் கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை, பெட்டியில் பொருள் வந்ததல்லவா? நான் அரை நாள் குனிந்து, ஒரு கம்பியைக் கண்டுபிடித்துக் கூலி சொன்னால், "ஒரு பொருளும் மாற்றவில்லையே, இதற்கா இவ்வளவு?" என்கிறார்கள். எஞ்சின் ஏற்றியவருக்குப் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தவரும் என்னிடம் பாதியாகக் குறைக்கிறார். என் தொழிலில் விலை உள்ளது கண்டுபிடிப்பதற்குத்தான். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தங்கச்சிமடத்துத் தம்பி கேட்டதைக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

பல்பு சோதனை செய்துவிட்டு எந்தக் கம்பியில் மங்கியது என்று கீழே எழுதுங்கள். மூன்றிலும் நன்றாக எரிந்தால், பிளக்கின் உள்ளே பெண் முனைகள் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சென்சாரைப் பலமுறை கழற்றி மாட்டியதில் அவை தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.