கேலக்ஸிக் கொத்துகள்: கேள்வி பதில்

கேள்வி: கொத்துகளின் நடுப்பகுதியில் சுருள் கேலக்ஸிகள் ஏன் குறைவு?

பதில்: கொத்து என்பது ஈர்ப்பால் சேர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் கூட்டம். அதில் நெரிசல் கூடக் கூடச் சுருள்கள் குறைவதை 1980-ல் வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 55 கொத்துகளை ஆராய்ந்து காட்டினார். முக்கியக் காரணம் வாயு இழப்பு. கொத்தில் கேலக்ஸிகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் அல்ல. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு நிறைந்திருக்கிறது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் விழும் கேலக்ஸிக்கு அதுவே எதிர்க்காற்று. விண்மீன்கள் அசையாது, வாயு மட்டும் உரிந்து போகும். ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972-லேயே சொன்னது இது. ஏபல் 3627 கொத்தில் ஈஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸியின் எக்ஸ்-கதிர் வால் இரண்டரை லட்சம் ஒளியாண்டு நீளம். விண்மீன் பிறப்பதே வாயுவிலிருந்துதான். வாயு போனால் புது விண்மீன் ஏது? புது விண்மீன் இல்லாமல் சுருள் கைகளும் மங்கிவிடும்.

கேள்வி: ஈஎஸ்ஓ 137-001-ன் படத்தில் அந்த வால் நீலமாக இருக்கிறதே?

பதில்: எக்ஸ்-கதிருக்குப் பூசிய நிறம். படத்தின் நிறத்தை நம்பாதீர்கள், எந்த ஒளியில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். ஏபல் 85 கொத்தில் உள்ள ஜேஓ201 என்ற கேலக்ஸியை நம் இந்திய விண்வெளித் தொலைநோக்கி ஆஸ்ட்ரோசாட் புற ஊதாவில் படம் எடுத்தது. உரிந்த வாயுவிலேயே விண்மீன்கள் பிறப்பது அதில் தெரிகிறது.

கேள்வி: ஆண்ட்ரோமெடா நம்மேல் மோதுமா?

பதில்: அது கொத்து விஷயம் இல்லை. வேறொரு நாள்.

கேள்வி: கொத்தெல்லாம் சாக்கு. பெரிய கேலக்ஸி தானாகவே விண்மீன் பிறப்பை நிறுத்தி ஓய்ந்துவிடுமே?

பதில்: பாதி சரி. நிறையும் சூழலும் தனித்தனியாக வேலை செய்கின்றன என்று 2010-ல் ஓர் ஆய்வு பிரித்துக் காட்டியது. பெரியவற்றுக்கு நிறையே போதும். ஆனால் குள்ள கேலக்ஸிகளைப் பாருங்கள். பெரிய கேலக்ஸி எதுவும் அருகில் இல்லாத குள்ளர்களில் விண்மீன் பிறப்பு நின்றுபோனவை அநேகமாக இல்லவே இல்லை. கொத்துக்குள் ஏராளம். சூழல் சாக்கு என்றால் இதற்கு என்ன பதில்?

கேள்வி: (அதே வாசகர்) கொத்துக்கு வெளியிலும் ஓய்ந்தவை உண்டே?

பதில்: உண்டு. சில, சிறு குழுவில் இருந்தபோதே வாயுவை இழந்துவிட்டு வருபவை. சில, ஒருமுறை கொத்தின் நடுவே பாய்ந்து மறுபுறம் வெளியேறியவை. இன்று நிற்கும் இடத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது, நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள்.

கேள்வி: கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளைதானே எல்லாவற்றையும் விழுங்குகிறது?

பதில்: இல்லை.

கேள்வி: கன்னிக் கொத்தின் நடுவிலுள்ள பெரிய கேலக்ஸி எம்87. அதன் கருந்துளை அந்தக் கொத்தையே இழுத்துவிடுமா?

பதில்: திரும்பவும் கருந்துளையா! அந்தக் கருந்துளையின் நிறை சுமார் 650 கோடி சூரியன்கள். கொத்தின் நிறையோ நூறு லட்சம் கோடி சூரியன்களுக்கும் மேல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.