இசைத்தட்டு அலமாரி: வாங்கும் முன் எடை போடுங்கள்

கேள்வி: என்னிடம் 180 எல்.பி. (பெரிய வினைல் இசைத்தட்டு) தட்டுகள் இருக்கின்றன. மாதத்துக்கு நாலைந்து கூடிக்கொண்டே போகின்றன. வீட்டில் 90 செ.மீ. அகலமுள்ள புத்தக அலமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் அடுக்கிவிடலாமா, இல்லை தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் டேப்பை எடுத்து ஆழத்தை அளந்து பாருங்கள். எல்.பி. கவர் ஏறக்குறைய 31.5 செ.மீ. சதுரம். புத்தக அலமாரிகள் பெரும்பாலும் 25 முதல் 30 செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கவரை யாராவது இடித்துக்கொண்டே இருப்பார்கள், மூலைகள் மடங்கும்.

ஆழம் போதுமென்றாலும் எடை இருக்கிறது. கவரோடு ஒரு எல்.பி. சராசரியாகக் கால் கிலோ. உங்கள் 180 தட்டும் 45 கிலோ. அவற்றுக்கு 75 முதல் 85 செ.மீ. இடம் தேவை, அதாவது ஒரே பலகையில் மொத்தமும் உட்கார்ந்துவிடும். புத்தகங்களுக்காகச் செய்த பலகை இதைத் தாங்காது என்று சொல்லவில்லை. உடையாது, ஆனால் தொய்யும். தட்டுகளை வரிசையாக நிறைத்த பலகையில், தாங்கு புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளம் இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்காகும். பலகையை 18 மி.மீ.யிலிருந்து 25 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் 2.7 மடங்குதான் கூடும். ஆகவே தடிமனான பலகைக்குச் செலவழிப்பதைவிட நடுவில் ஒரு செங்குத்துத் தடுப்பு வைப்பது மலிவு, பலனும் பெரிது. 90 செ.மீ. பலகையை நடுவில் தாங்கினாலே பிரச்சினையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

மரத்தூள் அட்டையில் செய்த பலகை என்றால் இன்னும் கவனம். அது ஒருமுறை தொய்ந்தால் சுமையை எடுத்த பிறகும் நிமிராது. பலகை பள்ளமானால் இரு பக்கத் தட்டுகளும் நடுவை நோக்கிச் சாய்ந்து ஒன்றையொன்று அழுத்தும். கவர் கெடுவதும் தட்டு வளைவதும் அங்கேதான் தொடங்கும்.

புதிதாக வாங்குவதானாலும் தச்சரிடம் சொல்லிச் செய்வதானாலும் கேட்க வேண்டிய அளவுகள்: உள் உயரம் 34 செ.மீ., ஆழம் குறைந்தது 33 செ.மீ., ஒவ்வோர் அறையின் அகலமும் 40 செ.மீ.க்குள், பலகை 18 மி.மீ. பிளைவுட். பாக்ஸ் செட்டுகள் (ஒரே பெட்டியில் பல தட்டுகள்) இருந்தால் ஓர் அறையை மட்டும் 36 செ.மீ. உயரம் வையுங்கள். முதுகுப் பலகை கட்டாயம் வேண்டும். அது இல்லாத அலமாரி சுமை ஏறியதும் பக்கவாட்டில் சாய ஆரம்பிக்கும். பின்னால் குறுக்குப் பட்டை அடித்தாலும் சரிதான். இடுப்பு உயரத்தைத் தாண்டிய எதையும் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

ரெடிமேட் கட்ட அலமாரி வாங்கினால் அழகைப் பார்ப்பதற்கு முன் லேபிளில் 'ஓர் அறைக்கு எத்தனை கிலோ' என்பதைப் படியுங்கள். பரவலாக விற்கும் ஒரு வகையில் 13 கிலோ என்றுதான் போட்டிருக்கும். 33 செ.மீ. அறை ஒன்றில் 70 தட்டு நுழையும், ஆனால் அது 17 கிலோவைத் தாண்டிவிடும். அந்த அறையில் 50 தட்டோடு நிறுத்திக்கொள்வதே சரி. அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்றைக்கே 4 அறை வேண்டும், மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு ஓர் அறைக்கு மேல் நிறையும். 8 அறை கொண்டது மூன்று ஆண்டுக்குத் தாங்கும். பிற்பாடு பக்கத்தில் அதே மாடல் இன்னொன்று சேர்க்கச் சுவரில் இடம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கவரின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் வெளி உறை கேட்டால், கெட்டியாக, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஒன்றைக் காட்டுகிறார்கள். விலையும் அதிகம். வாங்கலாமா?

பதில்: அது பிவிசியாக இருந்தால் வேண்டாம். அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பசை காலப்போக்கில் கசியும். தட்டின் மேல் பால் படர்ந்தது போல ஒரு மங்கல் படியும், ஊசி வைத்தால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் வரும். கழுவினால் போகும் என்று நம்பி வாங்காதீர்கள், பெரும்பாலும் போகாது. பழைய தட்டு வாங்கும்போதும் அத்தகைய உறையில் இருந்ததா என்று பாருங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மங்கல் தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உறையின் ஓரத்தில் விரல்நகம் அளவு வெட்டித் தண்ணீரில் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்களை விரலால் தேய்த்து விட்டுப் பாருங்கள். பாலிஎத்திலீனும் பாலிப்ரொபிலீனும் மிதக்கும், பிவிசி மூழ்கும். புது ஷவர் திரையை நினைவூட்டும் வாசனையும் ஓர் அடையாளம்தான், ஆனால் தண்ணீர்ச் சோதனை நம்பகமானது.

வாங்க வேண்டியது 75 மைக்ரான் பாலிஎத்திலீன் உறை. சற்று மங்கலாகத் தெரியும், ஆனால் கிழியாது. பாலிப்ரொபிலீன் பளிச்சென்று இருக்கும், அடிக்கடி எடுத்து வைத்தால் ஓரத் தையல் பிரியும். மடித்துத் திறக்கும் இரட்டை ஆல்பங்களுக்கு அகலம் கூடிய உறை தனியாகக் கிடைக்கும், சாதாரண உறையில் திணிக்க வேண்டாம்.

உண்மையில் வெளி உறையைவிட, கவருக்குள் தட்டைப் போட்டு வைக்கும் உள் உறைதான் முக்கியம். பணம் ஒன்றுக்குத்தான் போதுமென்றால் அதற்கே போடுங்கள். வெறும் காகித உறையில் தட்டை இழுக்கும் ஒவ்வொரு முறையும் மெல்லிய கீறல் விழும், காகிதத் தூசியும் ஒட்டும். நடுவில் காகிதமும் தட்டைத் தொடும் பக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள மூன்றடுக்கு உறை போதும். பாடல் வரி, படம் அச்சிட்ட பழைய உள் உறையைத் தூக்கிப்போடாதீர்கள், கவருக்குள்ளேயே தனியாக வையுங்கள். தட்டு புது உறையில் இருக்கட்டும், அதன் வாய் மேல்நோக்கி, கவரின் திறப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போது தட்டு உருண்டு வெளியே வராது, தூசியும் உள்ளே இறங்காது.

இன்னொன்று. புது ஆல்பத்தின் மேலிருக்கும் சுருக்குப் பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுத்துவிடுங்கள். அது இறுகிக்கொண்டே போய் கவரையும் தட்டையும் வளைக்கலாம். அதில் ஒட்டிய ஸ்டிக்கர் பிடித்திருந்தால் வெட்டி வெளி உறையில் ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: இடம் இல்லை. படுக்கையாக அடுக்கினால் என்ன?

பதில்: அடியில் உள்ளதெல்லாம் மேலே உள்ளதைச் சுமக்கும், கவரில் வட்டத் தடம் விழும். தட்டு நேராக நிற்கத்தான் வேண்டும். அதே நேரம் ஒன்று எடுக்க நான்கு வெளியே வரும் அளவுக்கு இறுக்கவும் கூடாது. விரலை நுழைத்து நகர்த்த இடம் இருந்தால் சரி. 10 முதல் 15 செ.மீ.க்கு ஒரு முழு உயரத் தடுப்பு வையுங்கள். பாதி உயர இரும்புப் புத்தகத் தாங்கி கவரில் பள்ளம் போடும்.

கேள்வி: எந்த வரிசையில் அடுக்குவது? பாடகரா, இசை வகையா? படப் பாடல் தட்டுகளை எங்கே வைப்பது?

பதில்: தேடும்போது முதலில் உங்கள் நினைவுக்கு வருவது எதுவோ, அதுவே வரிசை. 200 தட்டுக்குள் என்றால் கலைஞர் பெயர் அகரவரிசை மட்டும் போதும். அதைத் தாண்டினால் நாலைந்து பெரும் பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் அகரவரிசை. பிரிவுகளை அதற்கு மேல் பெருக்கினால் எது எதில் சேரும் என்ற வழக்கே தீராது.

படத் தட்டுகளைத் தனிப் பிரிவாக்கிப் படப்பெயர் வரிசையில் வையுங்கள். ஒரே இசையமைப்பாளரின் தட்டுகள் ஒரு முழு அறையை நிறைத்தால் மட்டும் அவருக்குத் தனி இடம். பல கலைஞர்கள் சேர்ந்த தொகுப்புகள் கடைசியில்.

ஒவ்வோர் அறையிலும் கால் பங்கு காலியாக விடுங்கள். இதைச் செய்யாதவர்தான் புதுத் தட்டு வந்தபோதெல்லாம் கடைசி அறைவரை நகர்த்திக்கொண்டிருப்பார். காலி இடத்தில் தட்டு சரியாமல் இருக்க ஒரு தடுப்பு வைத்தால் போதும்.

கணக்குப் பட்டியலுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டே அதிகம். கலைஞர், ஆல்பம், நிறுவனம், கவர் முதுகில் உள்ள எண், தட்டின் உள்வட்டத்தில் பொறித்த எண், தட்டின் நிலை, கவரின் நிலை, அறை எண். உள்வட்ட எண்ணை விடாதீர்கள். ஒரே கவரில் வந்த வெவ்வேறு அச்சுகளைப் பிரித்துச் சொல்வது அதுதான். இசைத்தட்டுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் பதிந்தாலும் அவ்வப்போது பட்டியலை இறக்கி உங்களிடம் ஒரு பிரதி வைத்திருங்கள்.

கேள்வி: நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளும் 45 முறை சுழலும் சின்னத் தட்டுகளும் ஒரு பெட்டி நிறையக் கிடைத்திருக்கின்றன. எல்.பி.யோடு கலந்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். வெவ்வேறு விட்டமுள்ள தட்டுகள் பக்கத்தில் நின்றால் பெரியதின் ஒரு பகுதியில் மட்டும் அழுத்தம் விழும். அளவுக்கு ஓர் இடம் வையுங்கள். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்குக் கலவையில் ஆனவை. எல்.பி.யைவிடக் கனம், கீழே விழுந்தால் சில்லுச் சில்லாகும். அவற்றைக் கீழ் அறையில் வையுங்கள், ஆனால் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில். முக்கியமாக, எல்.பி. கழுவ வைத்திருக்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை இவற்றில் தொடக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும்.

கேள்வி: ஸ்பீக்கர் பக்கத்தில் அலமாரி இருக்கிறது. காந்தத்தால் தட்டு பாழாகுமா?

பதில்: ஆகாது. அந்தக் கவலை கேசட்டுக்கு. தட்டுக்கு எதிரி சூடுதான். ஆம்ப்ளிஃபயரின் மேலும், வெயில் விழும் ஜன்னலோரமும், பகலில் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். வினைல் 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும், வெயிலில் நிற்கும் காருக்குள் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதில் எட்டும். அலமாரி இருக்கும் அறையில் 18 முதல் 21 டிகிரி, ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் என்பது ஆவணக் காப்பகங்களின் அளவு. வீட்டில் அதைப் பிடிக்க முடியாவிட்டாலும் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டவிடாதீர்கள், அதற்கு மேல் கவரில் பூஞ்சணம் வரும். சின்ன ஈரமானி ஒன்றை அலமாரிக்குள்ளேயே வையுங்கள். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினால் பின்னால் காற்று ஓடும். பூச்சிக்காக அந்துருண்டை போட வேண்டாம், கவர் அட்டையில் ஏறிய வாசனை லேசில் இறங்காது.